சொந்தக் குழு என்ற ஆசை: கிறிஸ்டோஃபர் வீல்டனும் மார்ஃபோஸிஸும்

பாலே நடன அமைப்பாளர் கிறிஸ்டோஃபர் வீல்டன் நியூயார்க் சிட்டி பாலே என்ற பெரிய குழுவில் தமக்கிருந்த உறுதியான இடத்தை விட்டு வெளியேற முடிவெடுத்து, 2007ஆம் ஆண்டு மார்ஃபோஸிஸ் என்ற சொந்தக் குழுவைத் தொடங்கினார். 2010 பிப்ரவரியில் அதிலிருந்து விலகியும் விட்டார். ஏன் விலகினார், அந்தக் குழுவைத் தோல்வி என்று சொல்லலாமா, தோல்வி என்றால் அதன் பிறகு அவர் முன்னைவிடப் பெரிய பெயராக வளர்ந்தது எப்படி, அவருடைய படைப்புகளை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது என்பவை இங்கே கேட்கப்பட்ட கேள்விகள். சுருக்கமான விடை இது: நடனக் கலைஞர்களை இரவல் வாங்கி ஆண்டில் சில வாரங்கள் மட்டும் கூடிக் கலையும் ஒரு குழு, வீல்டனுடைய வேலை முறைக்குப் பொருந்தவில்லை. ஆயினும் பின்னாளில் அவர் செய்த பெரிய படைப்புகளுக்கு அடித்தளமான ஒரு நட்பு அந்த மூன்று ஆண்டுகளில்தான் அரும்பியது. இதை விளக்க, அவர் எப்படிப்பட்ட நடன அமைப்பாளர் என்பதிலிருந்தே தொடங்க வேண்டும்.

வீல்டன் 1973 மார்ச் 22 அன்று இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியிலுள்ள யோவில் என்ற ஊரில் பிறந்தவர். எட்டு வயதில் பாலே கற்கத் தொடங்கி, பதினொரு வயதில் ராயல் பாலே பள்ளியில் சேர்ந்தார். 1991இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரின் புகழ்பெற்ற இளையோர் போட்டியில் தங்கப் பதக்கம் பெற்று, அதே ஆண்டு லண்டன் ராயல் பாலேயில் நடனக் கலைஞராக நுழைந்தார். அக்காலத்தில் அங்கே முதன்மை நடன அமைப்பாளராக இருந்த கென்னத் மக்மில்லன், நடனம் அமைக்கக் கிடைக்கும் எந்த வாய்ப்பையும் நழுவவிடாதே என்று இவரை ஊக்கப்படுத்தினார். அந்த நிலையில் ஒருவர் லண்டனிலேயே தங்கிப் படிப்படியாக உயர்ந்திருப்பார். வீல்டனை அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் கொண்டுபோனது ஒரு வேக்குவம் கிளீனர். 1990களின் தொடக்கத்தில் ஹூவர் நிறுவனம் பிரிட்டனில், நூறு பவுண்டுக்கு மேல் பொருள் வாங்குவோருக்கு அமெரிக்காவுக்கு விமானச் சீட்டு இலவசம் என்று அறிவித்துப் பின்னர் பெரும் இக்கட்டில் மாட்டிக்கொண்டது. கணுக்காலில் அடிபட்டு வீட்டில் படுத்திருந்த வீல்டன் அந்த விளம்பரத்தைப் பார்த்து, ஒரு துப்புரவுக் கருவியை வாங்கி, கிடைத்த சீட்டில் நியூயார்க் சென்றார். அங்கே நியூயார்க் சிட்டி பாலேயின் பயிற்சி வகுப்பில் சேர்ந்து ஆடியவரைப் பார்த்த அதன் தலைவர் பீட்டர் மார்ட்டின்ஸ், குழுவில் இடம் தருவதாகச் சொன்னார். 1993இல் வீல்டன் அக்குழுவின் உறுப்பினரானார்.

இந்த இடமாற்றத்தை வெறும் வேடிக்கைக் கதையாகக் கடந்துபோகக் கூடாது. லண்டனில் அவர் கற்றது கதை சொல்லும் பாலே. மூன்று அங்கங்கள், பாத்திரங்கள், அரங்கப் பொருட்கள், முகபாவம் எல்லாம் உள்ள மரபு அது. நியூயார்க் சிட்டி பாலேயோ நடன அமைப்பாளர் ஜார்ஜ் பாலன்சீன் கட்டிய வீடு. கதையும் அலங்காரமும் நீங்கிய வெறும் மேடையில், இசையின் கட்டுமானத்தையே உடலால் காட்டும் நடனம் அங்கே வேரூன்றியிருந்தது. பாலன்சீன் 1983இல் மறைந்த பிறகு அவர் இடத்தை நிரப்பும் புதிய படைப்பாளி எங்கே என்ற கேள்வி அந்தக் குழுவை விட்டு அகலவே இல்லை. 1992இல் தொடங்கப்பட்ட 'டயமண்ட் ப்ராஜெக்ட்' என்ற திட்டம் புதிய பாலேக்களை உருவாக்குவதற்கென்றே ஏற்பட்டது. அதில்தான் வீல்டன் 1997இல் அக்குழுவுக்கான தம் முதல் படைப்பான 'ஸ்லாவோனிக் டான்ஸஸ்' என்பதை அமைத்தார். அடுத்த ஆண்டு தனி ஆட்டக்காரர் நிலைக்கு உயர்ந்தார். 2000இல், இருபத்தேழாவது வயதில், ஆடுவதையே நிறுத்திவிட்டு நடனம் அமைப்பதை மட்டும் தொழிலாக்கிக்கொண்டார். 2001இல் அக்குழுவின் வரலாற்றிலேயே முதன்முறையாக ஏற்படுத்தப்பட்ட ரெசிடென்ட் கோரியோகிராஃபர், அதாவது குழுவின் நிலையான நடன அமைப்பாளர், பதவி அவருக்குத் தரப்பட்டது.

அவர் பெயரை உலகறியச் செய்தது 2001 ஜனவரியில் அரங்கேறிய 'பாலிஃபோனியா'. ஹங்கேரிய இசையமைப்பாளர் ஜியோர்ஜி லிகெட்டியின் பத்துப் பியானோத் துண்டுகளுக்கு நான்கு இணைகள், ஊதா நிற உடலொட்டிய உடையில், எந்தக் கதையும் இல்லாமல் ஆடுகின்றன. பாலன்சீன் வழிவந்த எத்தனையோ பேர் அலங்காரமில்லாத எளிய பயிற்சி உடையில் ஆடும், 'கறுப்பு வெள்ளை' என்று வழங்கும் இப்படிப்பட்ட பாலேக்களைச் செய்து பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலானவை நகல்களாகவே நின்றுவிட்டன. வீல்டனுடையது அப்படி ஆகாததற்குக் காரணம், லிகெட்டியின் இசையில் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு ஓடும் தாளங்களை அவர் காதால் பிரித்துக் கேட்டு, ஒவ்வோர் இணைக்கும் ஒவ்வொரு தாளத்தைப் பகிர்ந்தளித்திருப்பதுதான். பார்ப்பவருக்கு முதலில் குழப்பம்போலத் தோன்றுவது, இரண்டாம் முறை பார்க்கும்போது கணக்காகத் தெளிகிறது.

வீல்டனுடைய உண்மையான பலம், என் கருத்தில், கூட்டத்தை விட இருவர் ஆட்டத்தில்தான் இருக்கிறது. பாலேயில் பா து தூ என்று பிரெஞ்சுப் பெயரால் வழங்கும் அந்தப் பகுதி, மரபில் ஆண் பெண்ணைத் தாங்கிப் பிடித்து அவளுடைய அழகை முன்வைக்கும் இடம். வீல்டன் அதை இரண்டு உடல்கள் எடையைப் பகிர்ந்துகொள்ளும் உரையாடலாக மாற்றினார். இதற்கு அவருக்குக் கிடைத்த கருவிகள் வெண்டி வீலன், ஜாக் சோட்டோ என்ற இருவர். ஒல்லியான, எலும்பும் தசையும் வெளித்தெரியும் உடல்வாகுள்ள வீலனை மரபான இளவரசி வேடங்களில் பொருத்திப் பார்க்கப் பலருக்குத் தயக்கம் இருந்தது. சோட்டோவோ பெண்ணைத் தாங்குவதில் அவர் தலைமுறையின் மிக நம்பகமான ஆண். இவர்களுக்கென்றே எஸ்தோனிய இசையமைப்பாளர் ஆர்வோ பார்ட்டின் இசைக்கு 2003இல் 'லிட்டர்ஜி' என்பதையும், 2005 ஜனவரியில் 'ஆஃப்டர் தி ரெய்ன்' என்பதையும் அமைத்தார். பின்னதன் இரண்டாம் பகுதியில் பியானோவும் வயலினும் மட்டுமே ஒலிக்க, கூந்தலை அவிழ்த்துவிட்ட பெண், நுனிக்காலில் நிற்க உதவும் பாயின்ட் காலணியைக் கழற்றிவிட்டு வெறும் மெல்லிய காலணியோடு வருகிறாள். ஒரு கட்டத்தில் அவள் ஆணின் தொடைமேல் ஏறி, கப்பலின் முகப்பில் செதுக்கிய உருவம்போல் முன்சாய்ந்து, கைகளைப் பின்னால் விரித்து நிற்கிறாள். சோட்டோ அந்த ஆண்டு ஜூனில் ஓய்வு பெறப்போகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பிரிவு ஆட்டத்துக்குள் இறங்கியிருப்பதை அறியாதவரும் உணர முடியும். இன்று உலகின் பல குழுக்கள் ஆடும் படைப்பு இது.

இவ்வளவும் கிடைத்த வீட்டை விட்டு ஏன் வெளியேற வேண்டும்? வெளியிலிருந்து பார்த்தால் அந்தப் பதவி சுகமானதுதான். நூறு பேர் அளவிலான குழு, சொந்த இசைக்குழு, லிங்கன் சென்டரில் சொந்த அரங்கு, ஆண்டுதோறும் புதுப் படைப்புக்கு நேரம் எல்லாம் இருந்தன. ஆனால் எந்த நிகழ்ச்சியில் எது ஆடப்படும், யார் எந்த வேடத்தில் ஆடுவார், ஒத்திகைக்கு எத்தனை மணி நேரம், ஒரு படைப்பு மறுபடி எப்போது மேடையேறும் என்பதையெல்லாம் தீர்மானிப்பவர் அதன் தலைவரே. பதவியில் இருந்தபோதே வீல்டன் வெளியிலும் ஓயாமல் வேலை செய்தார். 2004இல் பென்சில்வேனியா பாலேக்காக 'ஸ்வான் லேக்' கதையை ஓவியர் தெகா வரைந்த பாரிஸ் நடனக்கூடத்துக்குள் கொண்டுபோய் வைத்தார். 2006இல் லண்டன் ராயல் பாலேக்காக மைக்கேல் நைமனின் இசையில் 'டிஜிவி' செய்தார். 2007இல் மாஸ்கோவின் போல்ஷோய் பாலே வரை போனார். ஊர் ஊராகச் சென்று மூன்று நான்கு வாரங்களில், அப்போதுதான் பெயர் தெரிந்துகொண்ட உடல்களின்மேல் ஒரு படைப்பை எழுதிவிட்டுத் திரும்பும் வாழ்க்கை அது. நடனக் குறிப்பு முறைகள் சில உண்டு என்றாலும், பாலேயை ஒரு நாடகாசிரியர்போல் மேசையில் உட்கார்ந்து எழுதிவிட முடியாது. ஒத்திகைக் கூடத்தில், குறிப்பிட்ட ஒருவரின் முதுகு எவ்வளவு வளையும், இன்னொருவர் எந்தக் காலில் திரும்ப விரும்புவார் என்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் அது உருவாகிறது. தம்மை அறிந்த உடல்கள் ஆண்டு முழுவதும் தம்மோடு இருக்க வேண்டும் என்ற ஆசை இப்படிப்பட்டவருக்கு வராவிட்டால்தான் வியப்பு.

அமெரிக்க பாலேயில் இந்த ஆசைக்கு ஒரு முன்கதையும் உண்டு. லிங்கன் கிர்ஸ்டீன் என்ற செல்வந்தர் 1933இல் பாலன்சீனை அமெரிக்காவுக்கு அழைத்துவந்தபோது, குழுவுக்கு முன் ஒரு பள்ளி வேண்டும் என்று பாலன்சீன் நிபந்தனை வைத்ததாக ஒரு கதை திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. 1934 ஜனவரியில் அந்தப் பள்ளி திறந்தது. அதன் பிறகு அமெரிக்கன் பாலே, அமெரிக்கன் பாலே கேரவன், பாலே சொசைட்டி என்று ஒன்றன்பின் ஒன்றாகக் குழுக்கள் தோன்றி மறைந்தன. 1948இல்தான் நியூயார்க் சிட்டி பாலே என்ற பெயரும் நிலையான அரங்கும் கிடைத்தன. அதாவது பாலன்சீனுக்கே பதினான்கு ஆண்டுகளும், தளராமல் பணம் திரட்டும் ஒரு கிர்ஸ்டீனும், ஆட்களை உருவாக்கித்தரும் ஒரு பள்ளியும் தேவைப்பட்டன. வீல்டன் குழு தொடங்குவதாக அறிவித்தபோது பத்திரிகைகள் பாலன்சீனையும், பாலே ரூஸ் குழுவை நிறுவிய தியாகிலெவையும் நினைவுகூர்ந்தன. இந்தப் பதினான்கு ஆண்டுக் கணக்கை நினைவுகூர்ந்தவர்கள் குறைவு.

மார்ஃபோஸிஸ் என்ற பெயர், 2002இல் லிகெட்டியின் இசைக்கு நான்கு பேருக்காக அவர் அமைத்த ஒரு படைப்பின் பெயர்தான். உடன் நிறுவியவர் லூர்தெஸ் லோபெஸ். கியூபாவில் பிறந்து மயாமியில் வளர்ந்து, நியூயார்க் சிட்டி பாலேயில் முதன்மை நடனக் கலைஞராக இருந்தவர், பின்னர் பாலன்சீன் அறக்கட்டளையை நடத்தியவர். 2007 ஆகஸ்டில் கொலராடோ மலைப்பகுதியிலுள்ள வேல் நகர நடன விழாவில் குழு முதன்முதலாக ஆடியது. செப்டம்பரில் லண்டன் சாட்லர்ஸ் வெல்ஸ், அக்டோபரில் நியூயார்க் சிட்டி சென்டர். இரண்டு அரங்குகளும் அக்குழுவை விருந்தினர் குழுவாக ஏற்றுக்கொண்டு ஆண்டுதோறும் இடம் தந்தன. புதிதாகத் தொடங்கும் குழுவுக்கு இது எளிதில் வாய்க்கும் பேறு அல்ல.

நிகழ்ச்சிகளை அவர் நடத்திய விதமும் கவனிக்கத்தக்கது. திரை விலகுமுன் வீல்டனே ஒலிவாங்கியோடு மேடைக்கு வந்து, அன்றைய படைப்புகளைப் பற்றிப் பேசுவார்; படைப்புகளுக்கு இடையே ஒத்திகைக் காட்சிகள் திரையில் ஓடும். பாலே என்றால் மிரண்டு ஒதுங்கும் இளைய பார்வையாளரை உள்ளே இழுப்பதே நோக்கம். ஃபேஷன் உலகின் நார்சிஸோ ரோட்ரிகஸ் உடை வடிவமைத்தார். வீல்டனுடைய படைப்புகளோடு வில்லியம் ஃபோர்சைத், ஃபிரடெரிக் ஆஷ்டன், ஜெரோம் ராபின்ஸ், அலெக்சி ரட்மான்ஸ்கி ஆகியோருடையவையும், அப்போது அதிகம் அறியப்படாத எமிலி மோல்னார் போன்றோருடையவையும் ஆடப்பட்டன. விமர்சகர்கள் ஒரே குரலில் புகழவில்லை. பேச்சும் காணொளியும் ஆட்டத்தின் ஓட்டத்தைக் குலைக்கின்றன என்று முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். எனக்கும் அதில் பாதி உடன்பாடு. நல்ல படைப்புக்கு முன்னால் அதைப் படைத்தவரே நின்று விளக்கும்போது, பார்வையாளர் தம் கண்ணை நம்புவதற்குப் பதிலாக அவர் சொன்னதைத் தேடத் தொடங்கிவிடுகிறார்.

ஆனால் குழுவின் சிக்கல் மேடையில் இல்லை, நாட்காட்டியில் இருந்தது. வீலன் போன்ற பெரிய கலைஞர்கள் நியூயார்க் சிட்டி பாலே, ராயல் பாலே முதலிய குழுக்களில் ஒப்பந்தத்தில் இருந்தவர்கள். தத்தம் குழுவின் பருவம் இல்லாத வாரங்களில்தான் மார்ஃபோஸிஸுக்கு வர முடியும். குழுவின் பருவம் செப்டம்பர், அக்டோபரை ஒட்டியே அமைந்ததற்கு இது ஒரு காரணம். அந்நாட்களில் நியூயார்க் சிட்டி பாலேக்கு லிங்கன் சென்டரில் இலையுதிர்காலப் பருவம் கிடையாது. இப்படிக் கூடும்போது ஒத்திகையின் பெரும்பகுதி புதிதாகப் படைப்பதற்கல்ல, ஏற்கெனவே உள்ளதைப் புது ஆட்களுக்குக் கற்றுக்கொடுப்பதற்கே செலவாகும். அடுத்த ஆண்டு கூடும்போது அவர்களில் பாதிப் பேர் மாறியிருப்பார்கள். எந்த ஊடாட்டம் வேண்டும் என்று அவர் தாய்க்குழுவை விட்டாரோ, அந்த ஊடாட்டம் இங்கே அங்கிருந்ததைவிடக் குறைவாகவே கிடைத்தது. உடல்களைத் தமக்கென்று வைத்துக்கொள்ளத் தொடங்கிய குழு, உடல்களை வாடகைக்கு எடுக்கும் குழுவாக நின்றது.

ஆண்டு முழுவதும் இருபது பேருக்குச் சம்பளம், மருத்துவக் காப்பீடு, ஒத்திகைக் கூடம், நேரடி இசை ஆகியவற்றைத் தாங்க வேண்டுமானால் சீட்டு விற்பனை போதாது. அமெரிக்காவில் பாலேக் குழுக்கள் தனியார் நன்கொடையை நம்பி வாழ்பவை. மார்ஃபோஸிஸின் இரண்டாம் பருவம் தொடங்கிய 2008 செப்டம்பர்தான் லேமன் பிரதர்ஸ் வங்கி விழுந்து நிதி நெருக்கடி முற்றிய மாதம். நெடுங்காலமாக வேரூன்றிய குழுக்களே ஆட்களைக் குறைத்த நேரத்தில், ஓராண்டுக் குழந்தைக்கு எவர் பெருந்தொகை தருவார்? இதோடு படைப்பாளியே பணம் திரட்டும் விருந்துகளுக்கும் போக வேண்டும், அடுத்தவர் படைப்புகளின் ஒத்திகையையும் கவனிக்க வேண்டும், மேடையில் பேசவும் வேண்டும். 2010 பிப்ரவரியில் வீல்டன் விலகினார். நிரந்தரமான ஆட்டக்காரர்களை அமர்த்த முடியாமல் போனதே மையமான மனக்குறை. லோபெஸ் குழுவை விடவில்லை. ஆண்டுக்கொரு புதிய படைப்பாளியிடம் பொறுப்பை ஒப்படைக்கும் அமைப்பாக அதை மாற்றிச் சில காலம் நடத்தினார். 2012இல் மயாமி சிட்டி பாலேயின் கலை இயக்குநராகச் சென்றார். தற்செயலாக, வீல்டன் விலகிய அதே ஆண்டு செப்டம்பரில் நியூயார்க் சிட்டி பாலே தன் முதல் இலையுதிர்காலப் பருவத்தைத் தொடங்கியது. அவர் விலகாதிருந்தாலும் அந்தக் கலைஞர்களை அந்த வாரங்களில் பெறுவது இன்னும் கடினமாகியிருக்கும்.

இதற்கு நேர்மாறான வழி ஒன்று உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். நடன அமைப்பாளர் அலோன்சோ கிங் 1982இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய லைன்ஸ் பாலே நாற்பது ஆண்டுகளைத் தாண்டி இயங்குகிறது. அவர் புகழ்பெற்றவர்களை இரவல் வாங்கவில்லை. பெயர் தெரியாத பன்னிரண்டு பேர் அளவிலான சிறு குழுவை நிரந்தரமாக வைத்துக்கொண்டு, அருகிலேயே ஒரு நடன மையத்தை நடத்தி, பின்னர் ஒரு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து பட்டப்படிப்பையும் ஏற்படுத்தினார். தபலா மேதை ஜாகிர் உசேனோடு அவர் செய்த 'ரசா', 'ஷெஹெரசாட்' போன்றவை, ஒரே வட்டாரத்தில் வாழ்ந்த இசைக்கலைஞரும் நடன அமைப்பாளரும் நின்று நிதானமாகப் பழகியதால் விளைந்தவை. கிங்கின் பாணியை ஒரு பார்வையில் அடையாளம் காணலாம். அந்த உடல்கள் அவருடைய ஒத்திகைக் கூடத்தில் வார்க்கப்பட்டவை. சிறிதாகத் தொடங்கி மெல்ல ஆழமாவது அவர் வழி. உச்சியில் தொடங்குவது வீல்டனின் வழி. உச்சியில் தொடங்கும் குழுவுக்கு முதல் நாளிலிருந்தே உச்சத்துச் செலவும் உண்டு.

அப்படியானால் மார்ஃபோஸிஸ் வீணா? 2007இல் அக்குழுவுக்காக வீல்டன் அமைத்த 'ஃபூல்ஸ் பாரடைஸ்' என்ற ஒன்பது பேர் ஆடும் படைப்பின் இசை ஜோபி டால்போட் என்ற ஆங்கிலேய இசையமைப்பாளருடையது. 1917ஆம் ஆண்டு ரஷ்ய ஊமைப் படமொன்றுக்காக அவர் எழுதிய இசையை விரித்து அமைத்தது. இருவரும் சேர்ந்த முதல் படைப்பு அதுவே. நான்கு ஆண்டுகள் கழித்து, 2011 பிப்ரவரியில், ராயல் பாலே 'ஆலிஸஸ் அட்வென்ச்சர்ஸ் இன் வொண்டர்லாண்ட்' என்ற முழுநீளக் கதை பாலேயை அரங்கேற்றியபோது இசை டால்போட், நடனம் வீல்டன், அரங்க வடிவமைப்பு பாப் க்ரவ்லி. 2014இல் ஷேக்ஸ்பியரின் 'தி வின்டர்ஸ் டேல்', 2022இல் லாரா எஸ்கிவெல்லின் நாவலிலிருந்து 'லைக் வாட்டர் ஃபார் சாக்லேட்', 2024இல் ஆஸ்திரேலியன் பாலேக்காக ஆஸ்கர் வைல்டின் வாழ்க்கையைத் தழுவிய 'ஆஸ்கர்' ஆகிய எல்லாவற்றுக்கும் இசை டால்போட்டுடையதே. முழுநீள பாலேக்கு இசை எழுதுவது, படத்துக்குப் பின்னணி இசை எழுதுவது போன்றதல்ல; எத்தனை அளவு இசைக்குள் பாத்திரம் மேடையைக் கடக்கும் என்பதுவரை இருவரும் பேசித் தீர்க்க வேண்டும். அந்தப் பழக்கத்துக்கு விதை மார்ஃபோஸிஸில் விழுந்தது. அக்குழுவில் பதின்ம வயதிலேயே பயிற்சி ஆட்டக்காரராக இருந்த பெயாட்ரிஸ் ஸ்டிக்ஸ் புரூனெல்லும் பின்னர் ராயல் பாலேயில் சேர்ந்து அவர் படைப்புகளில் ஆடினார்.

'ஆலிஸ்' பார்க்கக் கொண்டாட்டமானது. தட்டல் நடனம் ஆடும் தொப்பிக்காரன், துண்டு துண்டாகப் பிரிந்து மிதக்கும் பொம்மைப் பூனை, 'ஸ்லீப்பிங் பியூட்டி'யின் புகழ்பெற்ற ரோஜா ஆட்டத்தை நையாண்டி செய்யும் இதய ராணி ஆகியவை சிறுவர்களுக்கும் பாலே அறிந்தவர்களுக்கும் ஒரே நேரத்தில் விருந்து. ஆயினும் அதில் காட்சி நடனத்தை விழுங்கும் இடங்கள் உண்டு. இரண்டு அங்கங்களாக இருந்ததை அடுத்த ஆண்டே மூன்றாகத் திருத்தி அமைத்தார்கள் என்பதே, முதல் வடிவத்தில் எடை சரியாக விழவில்லை என்பதற்குச் சான்று.

'தி வின்டர்ஸ் டேல்' வேறு தரம். லண்டனில் கற்ற கதை மரபும் நியூயார்க்கில் பழகிய கதையற்ற மரபும் அவருக்குள் முதன்முறையாக முழுமையாக இணைந்த இடம் அது என்பேன். மனைவிமேல் காரணமின்றிச் சந்தேகம் கொள்ளும் அரசன் லியோன்டீஸாக எட்வர்ட் வாட்சன் ஆடினார். பொறாமை அவனுக்குள் நுழையும் கணத்தில், கர்ப்பிணியான மனைவியின் வயிற்றின்மேல் வைத்த அவனுடைய கைவிரல்கள் சிலந்திபோல ஊரத் தொடங்குகின்றன. பிறகு அந்த ஊர்தல் தோளுக்கும் முதுகெலும்புக்கும் பரவி மனிதனே முறுக்கிக்கொள்கிறான். அங்கே வசனமும் இல்லை, சைகை மொழியும் இல்லை. 'பாலிஃபோனியா'வில் கணக்காக இருந்த உடலின் கோணங்கள் இங்கே மனநோயாகின்றன. இரண்டாம் அங்கத்தில் பச்சை மரம் ஒன்றின் கீழ் இடையர்கள் ஆடும்போது, மேடையிலேயே அமர்ந்து வாசிக்கும் சிறு இசைக்குழுவில் நம் வடநாட்டு மூங்கில் குழலான பான்சுரியும் உண்டு. நாடகத்தில் வரும் கரடியை மேடையில் காட்டுவது எப்படி என்ற பழைய சிக்கலை, பேசில் ட்விஸ்டின் பட்டுத் திரையில் எழும் உருவத்தால் தீர்த்தார்கள். இப்படைப்புக்காக 2015இல் வீல்டன் ப்ரீ பெனுவா என்ற பாலே விருதைப் பெற்றார்.

இவை எல்லாம் ராயல் பாலே, நேஷனல் பாலே ஆஃப் கனடா போன்ற பெரிய வீடுகள் சேர்ந்து செலவழித்துச் செய்தவை என்பதைக் கவனிக்க வேண்டும். 2012 முதல் ராயல் பாலேயில் அவருக்கு நிலையான கலைப் பொறுப்பு இருந்தது. நிர்வாகம் வேறொருவர் தலைமேல். பட்டறையும் உடை தைப்பவர்களும் இசைக்குழுவும், எல்லாவற்றுக்கும் மேலாக ஆண்டு முழுவதும் இருக்கும் ஆட்டக்காரர்களும் அங்கே ஆயத்தமாக இருந்தார்கள். சிகாகோவின் ஜாஃப்ரி பாலேக்காக 2016இல் 'நட்க்ராக்கர்' செய்தபோது, வழக்கமான வசதியான வீட்டை விட்டுவிட்டு, 1893ஆம் ஆண்டு சிகாகோ உலகக் கண்காட்சியைக் கட்டும் தொழிலாளர் குடும்பம் ஒன்றில் கதையை வைத்தார். ஒரு குழுவின் ஊரையும் வரலாற்றையும் கேட்டு அதற்கேற்பத் தைத்துத் தருவது, விருந்தாளியாக வருபவரால் செய்ய முடிந்த வேலைதான் என்பதை அது காட்டியது.

நியூயார்க்கின் வணிக நாடக உலகமான பிராட்வேயில் அவர் பெற்ற வெற்றியைப் பலர் பாலேயிலிருந்து விலகல் என்று நினைக்கிறார்கள். 'அன் அமெரிக்கன் இன் பாரிஸ்' என்ற இசை நாடகம் 2014 இறுதியில் பாரிஸ் ஷாட்லே அரங்கில் தொடங்கி 2015 ஏப்ரலில் பிராட்வேக்கு வந்தது. இயக்கமும் நடனமும் வீல்டன். முதன்மை வேடங்களுக்கு அவர் தேர்ந்தெடுத்தவர்கள் நியூயார்க் சிட்டி பாலேயின் ராபர்ட் ஃபேர்சைல்டும் ராயல் பாலேயின் லியான் கோப்பும். அவர் வளர்ந்த இரண்டு வீடுகளிலிருந்தும் ஒவ்வொருவர். அதற்கு நடன அமைப்புக்கான டோனி விருது கிடைத்தது. மைக்கேல் ஜாக்சனைப் பற்றிய 'எம்ஜே'வுக்கு 2022இல் மீண்டும் அதே விருது. வணிக அரங்கில் எட்டுக் காட்சிகள் வாரந்தோறும், மாதக்கணக்கில், அதே ஆட்கள். மார்ஃபோஸிஸில் அவர் கேட்டுக் கிடைக்காத ஒன்றை, நன்கொடையாளர் இல்லாமலே, சீட்டு விற்பனை தந்துவிட்டது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

குறை சொல்ல வேண்டுமானால், அவருடைய இருவர் ஆட்டங்களில் ஆண் பெண்ணைத் தூக்கித் திருப்பி மடித்துக்கொண்டே இருப்பது சில படைப்புகளில் பழக்கமாகிவிடுகிறது. பெண் தானே தரையில் நின்று ஆடும் நேரம் குறைகிறது. கூட்ட ஆட்டங்களில் அழகான ஒழுங்கு உண்டு, பாலன்சீனிடம் காணும் ஆபத்து இல்லை. 2016இல் ராயல் பாலேக்குச் செய்த 'ஸ்ட்ராப்லெஸ்' போன்ற ஓரங்கக் கதைகளில் அலங்காரம் மிகுந்து பாத்திரம் மெலிந்தது.

புதிதாகப் பார்ப்பவர்கள் 'ஆலிஸ்' வழியாக நுழைவதுதான் வழக்கம். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். முதலில் 'பாலிஃபோனியா'வைப் பாருங்கள், இசை பழகாமல் உறுத்தினாலும் இரண்டு முறை பாருங்கள். பிறகு, மார்ஃபோஸிஸ் எதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது என்பதை அறிய 'ஃபூல்ஸ் பாரடைஸ்'. அதன் பின் 'தி வின்டர்ஸ் டேல்' முதல் அங்கம். 'ஆஃப்டர் தி ரெய்ன்' இருவர் ஆட்டத்தைப் பல இணைகள் ஆடிய பதிவுகள் கிடைக்கின்றன. முடிந்தால் வெண்டி வீலன் ஆடியதைத் தேடிப் பிடியுங்கள். 2014 அக்டோபர் 18 அன்று அவர் நியூயார்க் சிட்டி பாலேயிலிருந்து விடைபெற்ற மாலையில் ஆடியவற்றில் அதுவும் ஒன்று. ஜாக் சோட்டோ ஓய்வு பெற்று ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அன்று வீலனைத் தொடையில் ஏற்றித் தாங்கியவர் கிரெய்க் ஹால்.